நகையை அடகு வைப்பதற்கு முன்

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதம். சாரம் இதுதான்.

அவருக்கு வயது 41. 14 வருடமாக ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. பில் போடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ஸ்டாக் பார்ப்பது எல்லாம் அவர்தான். சம்பளம் 11,000 ரூபாய். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மாதம் 14,000 வரை வரும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருடம் ப்ளஸ் டூவில் 600க்கு 461 வாங்கியிருக்கிறாள். உயிரியல் 84, வேதியியல் 78, இயற்பியல் 71. நீட்டும் எழுதினாள், எம்.பி.பி.எஸ். கிடைக்கிற மதிப்பெண் வரவில்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை.

உறவினர் ஒருவர் மூலம் ஒரு சேர்க்கை ஏஜென்ட் அறிமுகமாகியிருக்கிறார். பெங்களூரில் ஒரு கல்லூரியில் பார்ம்.டி சீட் வாங்கித் தருகிறாராம். ஆறு வருட மருந்தியல் படிப்பு, முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர். கட்டணம் வருடத்துக்கு 1,60,000, விடுதிக்கு 80,000. "கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று ஒரு காகிதத்தையும் காட்டியிருக்கிறார். சீட்டைப் பிடித்து வைக்க 25,000 ரூபாயை அவருடைய போன் நம்பருக்கே அனுப்பியாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றும் ஒரிஜினலாக அவரிடம் இருக்கின்றன. மீதிப் பணத்துக்காக 9 பவுன் நகையை அடகு வைக்கப் போகிறார்கள். "இன்னும் ஒரு வாரம்தான் டைம், அப்புறம் சீட் போய்விடும்" என்று தினமும் போன் வருகிறது.

இதற்கிடையில் கடை முதலாளி வேறொரு யோசனை சொல்கிறார். பக்கத்து ஊரிலேயே டி.பார்ம் (மருந்தியல் டிப்ளமோ) சேர்த்துவிடு, முடித்ததும் அவளுடைய சான்றிதழை நம் கடையில் மாட்டிக்கொள்கிறேன், அவள் வரக்கூட வேண்டாம், மாதம் 6,000 தருகிறேன் என்று. கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "எனக்கு 14 வருட அனுபவம் இருக்கிறது, நானே தபால் வழியில் டி.பார்ம் முடிக்க முடியுமா மேடம்?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருந்தியல் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியவள் நான். சேர்க்கை நேரத்தில் அலுவலக வாசலில் மஞ்சள் பையோடு நின்ற பெற்றோர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். சீட்டுக்குத் தட்டுப்பாடு உண்டு. மருந்தியல் சீட்டுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு கிடையாது. ஒரு வாரத்தில் போய்விடும் என்று உங்களை ஓட வைப்பது ஏஜென்டின் அவசரம், கல்லூரியின் அவசரம்கூட இல்லை.

புதிய மருந்தியல் கல்லூரிகளுக்கு இந்திய மருந்தியல் கவுன்சில் சில வருடம் தடை போட்டிருந்தது. அந்தத் தடை செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு கல்லூரிகள் இன்னும் பெருகின. இடம் நிறைய இருக்கிறது, நல்ல இடம் எது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு நேரம் வேண்டும்.

நகையை இப்போது அடகு வைக்காதீர்கள். முதலில் சான்றிதழ் திரும்ப வரட்டும்.

சான்றிதழும் 25,000 ரூபாயும்

மூன்று காகிதங்களில் சாதிச் சான்றிதழைப் பற்றிக் கவலை இல்லை, இ-சேவை மையத்தில் மறுபடி அச்செடுக்கலாம். மதிப்பெண் பட்டியலின் டிஜிட்டல் பிரதியை டிஜிலாக்கரில் எடுக்கலாம். டி.சி.தான் சிக்கல். அது ஒன்றுதான் இருக்கும், தொலைந்தால் நகல் வாங்க நடையாய் நடக்க வேண்டும். அதனால்தான் ஏஜென்ட்கள் முதலில் அதைக் கேட்கிறார்கள். டி.சி. போன வீட்டில் வேறு கல்லூரிப் பேச்சே வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதுங்கள். இந்தத் தேதியில் இந்த மூன்று ஒரிஜினல்களை உங்களிடம் கொடுத்தோம், இந்த நம்பருக்கு 25,000 அனுப்பினோம், வேறு கல்லூரியின் சரிபார்ப்புக்கு வேண்டியிருப்பதால் மூன்று நாளில் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. கோபம் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். அவர் "ஓகே" என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலே, வாங்கியதை ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. தரவில்லை என்றால் அந்தச் செய்தி, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அறிமுகம் செய்த உறவினரையும் கூட அழைத்துப் போங்கள். பெரும்பாலும் புகார் எழுதுவதற்கு முன்பே காகிதம் வீட்டுக்கு வந்துவிடும்.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி போட்டிருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும்தான் பிடித்துக்கொள்ளலாம். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. சான்றிதழ் என்பது கடனுக்குப் பிடித்து வைக்கிற பண்டம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் கல்லூரிக்கு. நீங்கள் பணம் கொடுத்தது தனி ஆளிடம், ரசீதும் இல்லை. அது கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. 25,000 முழுதாகத் திரும்ப வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அந்தப் பணம் போய்விடக் கூடாதே என்பதற்காக இன்னும் ஒரு லட்சத்தை அதன் பின்னாலேயே அனுப்பிவிடாதீர்கள். இப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பார்ம்.டி முடித்தால் டாக்டரா?

கடிதத்தில் இந்தக் கேள்வியின் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். நீட்டில் நழுவியது இப்படியாவது கைக்கு வரட்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் பார்ம்.டி படித்தவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தர முடியாது. கிளினிக் வைக்க முடியாது. பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் மருந்தாளுநர்தான். ஏஜென்ட் "கிளினிக் வைக்கலாம்" என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு பொய்யே அவரை விட்டு விலகப் போதும்.

அப்படியானால் அது என்ன படிப்பு? மருத்துவமனை வார்டுக்குள் வேலை செய்யும் மருந்தாளுநரை உருவாக்க 2008இல் கொண்டுவரப்பட்ட படிப்பு. ஐந்து வருடம் பாடம், ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. அதில் ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். ஒரு நோயாளிக்குப் பதினோரு மாத்திரை எழுதியிருக்கிறது என்றால் எது எதோடு மோதும், சிறுநீரகம் பழுதானவருக்கு எதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று பார்த்து மருத்துவரிடம் சொல்கிற வேலை. நல்ல வேலை, நான் பெரிதும் மதிக்கிற வேலை. ஆனால் நம் நாட்டில் அந்தப் பதவி பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. முடித்தவர்களில் பலர் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருத்துவ ஆய்வு, மெடிக்கல் கோடிங் என்று சென்னை, பெங்களூரு, ஐதராபாத் நிறுவனங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அது தாழ்வில்லை. 14 லட்சம் செலவழிப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

14 லட்சம் என்றால் மிகையில்லை. 2,40,000ஐ ஆறால் பெருக்குங்கள், 14,40,000 வருகிறது. உங்கள் இருவரின் வருமானமும் சேர்ந்து வருடத்துக்கு 3 லட்சம். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து வருட உழைப்பு. 9 பவுன் இதில் எத்தனை வருடத்துக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பணம் கட்ட முடியாமல் பாதியில் நிற்கிற பிள்ளையை எந்தக் கல்லூரியும் சும்மா விடாது.

பார்ம்.டி தெளிவாக முந்துகிற இடம் ஒன்று உண்டு: அமெரிக்கா. 2003க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளுநர் அங்கே உரிமத் தேர்வுப் பாதைக்குள் நுழைய ஐந்து வருடப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். நம் நான்கு வருட மருந்தியல் பட்டமான பி.பார்ம் அங்கே போதாது. கனடாவுக்குப் போதும். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு எண்ணம் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை, ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

ஏ.ஐ.சி.டி.இ. காகிதம் எதற்கு உதவும்?

மருந்தியல் படிப்புக்கு உதவாது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. மருந்தியல் கல்லூரி, பாடத்திட்டம், இடங்களின் எண்ணிக்கை எல்லாம் 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின்படி மருந்தியல் கவுன்சிலின் அதிகாரம், ஏ.ஐ.சி.டி.இ.க்கு அதில் வேலை இல்லை என்று. எனவே அவர் காட்டிய காகிதம் உண்மையானதாகவே இருந்தாலும் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

இன்னொரு நுணுக்கம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. கவுன்சில் தருகிற அனுமதி இரண்டு கட்டம். புதுக் கல்லூரிக்கு முதலில் படிப்பை நடத்த அனுமதி கிடைக்கும். பிறகு முதல் அணி படித்து முடிக்கிற கட்டத்தில் ஆய்வு செய்து, சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் அந்தப் படிப்புக்கு ஒப்புதல் கொடுப்பார்கள். மாணவர் மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு பெற இந்த இரண்டாவது ஒப்புதல் வேண்டும். அது இல்லாத கல்லூரியில் பட்டம் கையில் இருக்கும், பதிவு எண் இருக்காது. பதிவு எண் இல்லாத மருந்தாளுநர், லைசென்ஸ் இல்லாத டிரைவர் மாதிரி.

சேர்க்கைக்கு முன் இவற்றை விசாரியுங்கள், எந்தக் கல்லூரியாக இருந்தாலும்:

1. இந்திய மருந்தியல் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தக் குறிப்பிட்ட படிப்பு, இந்தக் கல்வியாண்டு மூன்றும் இருக்கின்றனவா? டி.பார்முக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு, போர்டில் பார்ம்.டி என்றும் சேர்த்து எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு.

2. 12ஆம் பிரிவு ஒப்புதல் இருக்கிறதா, அல்லது நடத்த அனுமதி மட்டும்தானா?

3. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு? பெங்களூரு என்றால் பெரும்பாலும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், இல்லையென்றால் ஏதாவது தனியார் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேட்கலாம்.

4. பார்ம்.டி என்றால் மருத்துவமனை எங்கே? குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும். ஒரு அணிக்கு 30 பேர்தான் சேர்க்கலாம். "அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள், உங்களுக்காக ஒன்று வைத்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. இப்போது ஆறாவது வருடம் படிக்கும் ஒரு மாணவியோடு, நிர்வாகத்தினர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பத்து நிமிடம் பேச முடியுமா? மேலே உள்ள நான்கையும்விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

நீங்கள் எழுதாமல் விட்ட வழி

நான்கு பக்கத்தில் தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. "நீட் மார்க் இல்லாததால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். நம் மாநிலத்தில் பி.பார்ம் சேர நீட் தேவையில்லை. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக்குழு தரவரிசைப் பட்டியல் போட்டு, கலந்தாய்வில் இடம் ஒதுக்குகிறது.  69 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் உங்கள் பிரிவுக்கு 26.5 சதவீதம்.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.பார்ம் இருக்கிறது. அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இடங்களும் குறைவு, உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு அவை கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடம் இருக்கிறது. அங்கே 233க்கு, அதாவது அவள் மூன்று அறிவியல் பாடங்களில் வாங்கியதற்கு, இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதைத் தரவரிசை வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

கலந்தாய்வு வழியாகப் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். அந்தக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான், நேரடியாக நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், தமிழ்நாட்டில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பெங்களூரு ரயில் ஏறும்போது இவை எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். கல்விக் கடனுக்கும் இதே கதை. கலந்தாய்வு ஆணையோடு போகிறவரிடம் வங்கி மேலாளர் பேசுகிற தொனி வேறு, ஏஜென்ட் கொடுத்த துண்டுச் சீட்டோடு போகிறவரிடம் பேசுகிற தொனி வேறு.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வு தாமதமாகும். பொறியியல் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், உங்கள் மகள் வீட்டில் இருப்பாள். அக்கம்பக்கத்தில் "இன்னும் சேரலையா" என்று கேட்பார்கள். அந்த வாரங்களில்தான் ஏஜென்ட்கள் மறுபடி போன் செய்வார்கள். பயமாக இருந்தால் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

பி.பார்ம் எட்டு செமஸ்டர். பயோ குரூப் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் கணக்குக்கென்று தனிப் பாடம் வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை கட்டாயம், "பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்கிற கல்லூரி எதுவானாலும் வேண்டாம். முடித்தால் ஆலத்தூர், ஓசூர்ப் பக்கம் மருந்துத் தொழிற்சாலைகளில் உற்பத்தி, தரப் பரிசோதனை வேலைகள் உண்டு. மருந்து ஆய்வாளர் தேர்வு எழுதலாம். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சொந்தமாகக் கடையும் வைக்கலாம். 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களை நடத்த பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களுக்கு 3 லட்சம் வரை மானியம் அறிவித்தார்கள், அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

வார்டு வேலைதான் வேண்டும் என்று நான்கு வருடம் கழித்து அவள் சொன்னால் அப்போதும் கதவு மூடியிருக்காது. பி.பார்ம் முடித்தவர்கள் பார்ம்.டியில் நேராக நான்காம் வருடத்தில் சேரும் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. மொத்தம் ஏழு வருடம், ஒரு வருடம் கூடுதல். நடுவில் கையில் ஒரு பட்டமும் பதிவும் இருக்கும். உங்கள் குடும்ப நிலைமைக்கு அந்த நடுப்படி முக்கியம் என்று நினைக்கிறேன்.

கடை முதலாளியின் யோசனை

டி.பார்ம் தவறான படிப்பு இல்லை. இரண்டு வருடம், பிறகு 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. அதை முடித்து பி.பார்ம் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் யோசிக்கத் தகுந்த வழிதான். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவு பெற எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022இல் கவுன்சில் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். இருந்தாலும் கலந்தாய்வில் பி.பார்ம் கிடைக்கிற பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன்.

சான்றிதழை மாட்டிக்கொண்டு மாதம் 6,000 தருகிற விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். ஊரில் பாதிக் கடை இப்படித்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும். மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்ற மருந்தாளுநர் அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் தொங்குகிற காகிதம் அந்த ஆளுக்கு ஈடாகாது. நாளைக்கு அந்தக் கடையில் அளவு மாறி ஒரு மருந்து போய், யாருக்காவது ஏதாவது ஆனால், அல்லது தூக்க மாத்திரை கணக்கில் வராமல் போனால், ஆய்வாளர் கேட்கும் முதல் பெயர் உங்கள் மகளுடையது. அவள் அப்போது எங்கேயோ வேறு ஊரில் இருப்பாள். பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. மாதம் 6,000க்காக இரண்டு வருடப் படிப்பையும் வாழ்நாள் பிழைப்பையும் அடகு வைப்பது நகையை அடகு வைப்பதைவிட மோசம். நகையையாவது மீட்கலாம்.

இதைச் சொல்லும்போது உங்களுக்கே உறுத்தும் என்று தெரியும், 14 வருடமாகக் கவுன்ட்டரில் நின்று மருந்து கொடுத்தவர் நீங்கள்தானே. உங்களைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலையை உங்கள் தலையில் வைத்தவர் லைசென்ஸ் வைத்திருக்கிற முதலாளி. அவருடைய அப்பா கம்பவுண்டராக இருந்து அனுபவத்திலேயே பதிவு வாங்கினார் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது உண்மையாக இருக்கலாம். 1948 சட்டம் வந்த புதிதில், முதல் பதிவேடு தயாரித்தபோது, ஐந்து வருடம் மருந்து கலந்து கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த வாசல் மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இதுதான். தபால் வழி டி.பார்ம் என்று ஒன்று கிடையாது. யாராவது இருக்கிறது என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தினமும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். ப்ளஸ் டூவில் நீங்கள் என்ன குரூப் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அறிவியல் என்றால், மகள் சேர்ந்து ஒரு வருடம் போகட்டும், மறுபடி எனக்கு எழுதுங்கள். அது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

மகளுக்கு என்ன விருப்பம் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. ஒரு இடத்தில் மட்டும், குறை சொல்வது மாதிரி, அவளைப் பற்றி ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: லீவில் கடைக்கு வந்தால் உதவி செய்யாமல், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டு நிற்கிறாள், "பான்டோபிரசோல் ஏம்மா சாப்பாட்டுக்கு முன்னாடி?" என்று கேட்டு நச்சரிக்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை என்று.

பதில் இது, அவளிடம் சொல்லுங்கள். வயிற்றின் சுவரில் அமிலத்தை இறைக்கிற சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன. நாம் சாப்பிட உட்காரும்போதுதான் அவை கூட்டமாக வேலையில் இறங்கும். வேலை செய்துகொண்டிருக்கிற பம்பைத்தான் இந்த மருந்தால் பிடித்து நிறுத்த முடியும். மாத்திரையோ வயிற்றில் கரையாதபடி பூச்சு பூசியது. குடலுக்குப் போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு மறுபடி வயிற்றுச் சுவருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால்தான் அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறோம், சோறு இறங்கும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும் என்று.